விடுதலையானவரின் டி.என்.ஏ. காவல்துறையிடம் இருக்கலாமா?

வைகைக்கரை

2001 ஜனவரியில் இங்கிலாந்தில் 11 வயதுச் சிறுவன் ஒருவனை வழிப்பறி முயற்சி என்ற குற்றச்சாட்டில் கைது செய்து, விரல் ரேகையையும் டி.என்.ஏ. மாதிரியையும் எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் அவனை விடுவித்தது. மார்ச்சில் மார்ப்பர் என்பவர் தம் துணைவியைத் துன்புறுத்தியதாகக் கைதானார். இருவரும் சமாதானமாகிவிட்டதால் வழக்கு கைவிடப்பட்டது. சிறுவனும் மார்ப்பரும் தங்கள் மாதிரிகளை அழிக்கும்படி கேட்டார்கள், காவல்துறை மறுத்தது. அவர்கள் கீழ்நீதிமன்றத்தில் தோற்றார்கள், மேல்முறையீட்டிலும் தோற்றார்கள், 2004இல் அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையிலும் தோற்றார்கள். கடைசியில் 2008 டிசம்பர் 4 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். குற்றம் சிறியதா பெரியதா, ஆள் சிறுவனா பெரியவரா, எத்தனை ஆண்டுக்கு என்ற எந்தக் கணக்கும் இல்லாமல் விடுதலையானவர்களின் மாதிரிகளைக் காலவரம்பின்றி வைத்திருப்பது தனிவாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பழைய வழக்கை இங்கே எடுத்து வருவதற்குக் காரணம், நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்தக் கேள்வி தமிழில் போதுமான அளவு பேசப்படவில்லை என்பதுதான். 1920இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய கைதிகள் அடையாளச் சட்டம் விரல் ரேகை, கால் ரேகை, புகைப்படம் போன்றவற்றோடு நின்றது. புதிய சட்டமோ கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரி, அதன் பகுப்பாய்வு, கையெழுத்து வரை போகிறது. எடுக்கப்பட்ட பதிவைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். இருபது வயதில் ஒருமுறை கைதானவருக்கு அந்தப் பதிவு தொண்ணூற்றைந்து வயது வரை தொடரும்.

முன்தண்டனை இல்லாதவர் விசாரணையின்றி விடுவிக்கப்பட்டாலோ, நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டாலோ பதிவை அழிக்க வேண்டும் என்ற பாதுகாப்பு சட்டத்திலேயே இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், அது 1920 சட்டத்திலும் இருந்தது. ஆனால் இப்போது அதோடு ‘எல்லாச் சட்டத் தீர்வுகளும் முடிந்த பிறகு’ என்ற நிபந்தனை சேர்ந்திருக்கிறது. நீதிமன்றமோ நீதித்துறை நடுவரோ காரணத்தை எழுதி, அழிக்க வேண்டாம் என்று உத்தரவிடவும் இடம் இருக்கிறது. விதிகளின்படி அழிக்கக் கோரும் விண்ணப்பம், இதற்கென்று மாநில அரசு நியமிக்கும் பொறுப்பு அதிகாரியிடம் போக வேண்டும். அவர் வேறு வழக்கோடு தொடர்பில்லை என்று சரிபார்த்து, காப்பகத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் தன் உடலின் பதிவைத் திரும்பப் பெற அலைய வேண்டியவர் அந்த மனிதரே என்று ஆகிவிடுவதுதான் என் மனத்தை உறுத்துகிறது. குற்றவியல் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கிராமத்திலிருந்து வருகிற ஒரு கட்சிக்காரர் தீர்ப்பு நகலை வாங்குவதே பெரும்பாடாக இருக்கும்போது, பொறுப்பு அதிகாரி யார் என்று தேடிப் போவார் என எதிர்பார்க்க முடியாது.

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த மாதிரியை எத்தனை காலம் வேண்டுமானாலும் வைத்திருங்கள். கைதானவரின் மாதிரியைப் பழைய, துப்புத் துலங்காத வழக்குகளோடு ஒருமுறை ஒப்பிடுவதையும் நான் எதிர்க்கவில்லை. விடுதலைக்குப் பிறகும் அதை வைத்திருப்பதைத்தான் எதிர்க்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

வைகைக்கரை அவர்களே, நீங்கள் எடுத்துக்காட்டிய அதே இங்கிலாந்திலிருந்து இரண்டு வழக்குகளை நானும் சொல்கிறேன்.

1997 ஜனவரியில் 66 வயது மூதாட்டி ஒருவர் அவருடைய வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். 1998 ஜனவரியில் வேறொரு வீடுபுகு திருட்டு வழக்கில் ஒருவரிடம் எச்சில் மாதிரி எடுத்தார்கள். ஆகஸ்டில் அந்த வழக்கிலிருந்து அவர் விடுதலையானார். சட்டப்படி மாதிரியை அப்போதே அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. அக்டோபரில் அது மூதாட்டி வழக்கின் மாதிரியோடு பொருந்தியது. அழித்திருக்க வேண்டிய மாதிரி என்ற ஒரே காரணத்தால் விசாரணை நீதிபதி அந்தச் சான்றை ஏற்கவில்லை. இரண்டாவது ஒரு கொலை வழக்கு. போதைப்பொருள் வழக்கில் எடுத்த மாதிரி, அந்த வழக்கு கைவிடப்பட்ட பிறகு அழிக்கப்படாமல் இருந்து கொலையாளியைக் காட்டிக் கொடுத்தது. தண்டனை கிடைத்தும் 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உள்ளங்கைப் பதிவு உள்ளிட்ட புதிய சான்றுகளோடு அதே மனிதர் மறுபடி விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டது 2019இல்தான். கொலையுண்டவரின் குடும்பத்தார் அந்த இடைவெளி முழுவதும் காத்திருந்தார்கள். 2001இல் இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றி, விடுதலையானவர்களின் மாதிரியையும் வைத்துக்கொள்ளலாம் என்றது இந்தத் தீர்ப்புகளால்தான்.

நம் ஊர் நிலவரத்தையும் பாருங்கள். இங்கே விடுதலை என்பதற்கு எப்போதும் ‘செய்யவில்லை’ என்று பொருள் இல்லை. சாட்சிகள் பிறழ்கிறார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போக, பாதிக்கப்பட்ட பெண்ணின் குடும்பம் சமரசத்துக்குத் தள்ளப்படுகிறது. பிள்ளைகளிடம் தவறாக நடந்த ஆள் தாயே பிறழ்சாட்சியானதால் வெளியே வருவதைப் பணிக்காலத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த ஆள் அடுத்த ஊரில் அதையே செய்தால், கையில் இருந்த மாதிரியை அழித்துவிட்டு நிற்கும் விசாரணை அதிகாரி அந்த இரண்டாவது குழந்தையின் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வார்? வாயின் உட்பக்கத்தைப் பஞ்சால் ஒருமுறை தடவி எடுப்பதில் அந்த மனிதருக்கு என்ன பெரிய இழப்பு வந்துவிடப் போகிறது?

சோதனைக்குழாய்

ஐயா, உங்கள் கடைசி வரிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தடயவியல் ஆய்வகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவள் நான்.

மாதிரி வேறு, விவரக்குறிப்பு வேறு. இந்த இழையில் இரண்டும் ஒன்றாகப் பேசப்படுவதால் விளக்க வேண்டியிருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைத் தடவிய பஞ்சுக் குச்சியை நிழலில் உலர வைத்துக் காகித உறையில் போடுவார்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் உறையைத் தவிர்ப்பார்கள். உறையின் மேல் வழக்கு எண், எடுத்தவர், சாட்சிகள், அரக்கு முத்திரை எல்லாம் இருக்கும். அந்தப் பஞ்சில் இருப்பது அந்த மனிதரின் முழு மரபணு. எந்த நோய்க்குரிய கூறு அவரிடம் இருக்கிறது, அவருடைய தந்தை என்று அறியப்படுபவர் உண்மையிலேயே தந்தைதானா என்பது வரை அதிலிருந்து படிக்க முடியும். விவரக்குறிப்பு என்பது அதிலிருந்து நாங்கள் எடுக்கும் எண்களின் வரிசை. மரபணுவில் குறிப்பிட்ட சில இடங்களில் சிறு துண்டுகள் எத்தனை முறை அடுத்தடுத்துத் திரும்ப வருகின்றன என்று எண்ணி, ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள் வீதம் எழுதுவோம். தேடலுக்கு அந்த எண்கள் போதும். எண்கள் பதிவான பிறகு பஞ்சை வைத்திருக்க வேண்டிய அறிவியல் தேவை மிகக் குறைவு. இங்கிலாந்து 2012இல் இயற்றிய சட்டம் விவரக்குறிப்பு எடுத்ததும், எப்படியும் ஆறு மாதத்துக்குள், மாதிரியை அழிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே. நம் சட்டம் மாதிரியையும் பகுப்பாய்வையும் ஒரே கூடையில் போட்டு 75 ஆண்டு என்கிறது.

இழப்பு என்ன என்று கேட்டீர்கள். 1999இல் இங்கிலாந்தின் போல்ட்டன் நகரில் நடந்த ஒரு வீடுபுகு திருட்டில் கிடைத்த மாதிரி, அங்கிருந்து வெகு தொலைவில் ஸ்விண்டனில் வசித்த ஒருவரின் பதிவோடு ஆறு இடங்களில் பொருந்தியது. அப்படித் தற்செயலாகப் பொருந்துவதற்கு 3.7 கோடியில் ஒரு வாய்ப்பு என்றார்கள். அந்த மனிதருக்கு நடுக்குவாத நோய் முற்றியிருந்தது. உதவியின்றி அதிக தூரம் நடக்கவும் முடியாது. அவருடைய பதிவு பட்டியலில் இருந்ததற்குக் காரணம் முன்பு ஒரு குடும்பத் தகராறில் கைதானது. பத்து இடங்களில் சோதித்த பிறகுதான் அவர் அல்ல என்று தெரிந்தது. இன்று கூடுதல் இடங்களைச் சோதிப்பதால் அப்படிப்பட்ட தற்செயல் பொருத்தம் மிக அரிது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கலப்படம் அரிதல்ல. 2011இல் எக்சிட்டர் நகர இளைஞர் ஒருவரின் மாதிரி இருந்த பிளாஸ்டிக் தட்டை ஆய்வகத்தில் தவறுதலாக மறுபடி பயன்படுத்தியதால், அவர் போயே அறியாத மான்செஸ்டரில் நடந்த பாலியல் வன்கொடுமைக்கு அவர் மாதக்கணக்கில் சிறையில் இருந்தார். எங்கள் வேலையில் இப்படி நடக்காது என்று எந்த ஆய்வகமும் சத்தியம் செய்ய முடியாது. பட்டியலில் பெயர் இருப்பவருக்கு மட்டும்தான் இந்த ஆபத்து, இல்லாதவருக்கு இல்லை. அதுதான் இழப்பு.

நம் மாநிலத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலையில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுதலை செய்தது. மாதிரிகள் யார் கையில், எங்கே, எத்தனை நாள் இருந்தன என்பதற்கு முறையான தொடர் பதிவு இல்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், கைமாறும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில்தான் நாடு முழுமைக்கும் அறிவுறுத்தல் வந்தது. ஒரு கொலை வழக்கின் சான்றையே ஒழுங்காகக் கைமாற்ற வழிமுறை சொல்லித்தர வேண்டியிருக்கும் அமைப்பிடம், எந்த வழக்கிலும் இல்லாத இலட்சக்கணக்கானவர்களின் மாதிரியை எழுபத்தைந்து ஆண்டுக்கு ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை.

யாழினி

வேறு கோணத்தில் ஒரு கேள்வி. சிலரை மட்டும் பட்டியலில் வைப்பதுதான் அநியாயம் என்றால், எல்லாரையும் வைத்துவிட்டால் என்ன? இங்கிலாந்தின் மூத்த நீதிபதி செட்லி 2007இல் நாட்டின் எல்லாக் குடிமக்களையும், வந்து போகும் பயணிகளையும்கூடப் பதிவு செய்துவிடலாம் என்று சொன்னார். ஏழை மட்டும், ஒரு சாதி மட்டும், ஒரு நிறத்தவர் மட்டும் என்ற பேதம் அதில் இருக்காது அல்லவா?

வைகைக்கரை

அம்மா, அந்த யோசனையில் நேர்மை இருக்கிறது, அதனால்தான் பலரையும் ஈர்க்கிறது. குவைத் அதைச் சட்டமாகவே ஆக்கியது. 2015இல் மசூதிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு குடிமக்கள், வெளிநாட்டவர் எல்லாரும் மாதிரி தர வேண்டும் என்றார்கள். 2017இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. சமமாகப் பறிப்பதால் பறிப்பு நியாயமாகிவிடாது என்பதே என் பதில். 2017 ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, அதைக் குறுக்குவதற்குச் சட்டமும் நியாயமான நோக்கமும் வேண்டும், குறுக்கும் அளவும் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றார்கள். சந்தேகமே இல்லாத 140 கோடிப் பேரின் உடல் பதிவை வைத்திருப்பது அந்த அளவுகோலில் நிற்காது.

ஆய்வாளர் ஐயாவின் இரு வழக்குகளுக்கும் வருகிறேன். மூதாட்டி வழக்கின் தேதிகளைக் கவனியுங்கள். குற்றம் 1997 ஜனவரியில் நடந்தது. அந்தத் தடயத்தின் விவரக்குறிப்பு அதே ஆண்டு ஏப்ரலில் பதிவாகிவிட்டது. சந்தேக நபரின் எச்சில் 1998 ஜனவரியில் எடுக்கப்பட்டது. அன்றே, அல்லது அந்த மாதமே ஒப்பிட்டிருந்தால் பொருத்தம் சட்டப்படியே கிடைத்திருக்கும். அவர் ஆகஸ்டில் விடுதலையாகும் வரை மாதக்கணக்கில் ஒப்பீடு நடக்கவில்லை. அங்கே நீதி தவறியதற்குக் காரணம் அழிப்புச் சட்டமா, ஆய்வகத் தாமதமா? பின்னாளில் 2005இல் தெற்கு லண்டனில் இளம்பெண் ஒருவரைக் கொன்றவன் எப்படிச் சிக்கினான் தெரியுமா? அடுத்த ஆண்டு மதுக்கடைச் சண்டை ஒன்றில் கைதானபோது எடுத்த மாதிரி, கொலை நடந்த இடத்தின் மாதிரியோடு பொருந்தியது. இந்த வழக்கை எல்லாரும் பதிவைத் தக்கவைக்க வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஆனால் அவனைப் பிடித்தது கைதின்போது செய்த ஒப்பீடு. அவனுடைய பழைய பதிவு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது கொலை வழக்கை நான் அப்படி விளக்கிவிட முடியாது. மாதிரி எடுத்த பிறகு நடந்த கொலை அது; மாதிரியை அழித்திருந்தால் அவர் அப்போது சிக்கியிருக்க மாட்டார். அழிப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த நிலையை எடுக்கிறேன். குற்றமற்றவர்களின் வீடுகளை எப்போது வேண்டுமானாலும் சோதனையிடலாம் என்று சட்டம் செய்தால் இன்னும் பல கொலையாளிகள் சிக்குவார்கள், அதில் ஐயமில்லை. ஆனாலும் அப்படி ஒரு சட்டம் நமக்கு வேண்டாம் என்கிறோம்.

உசிலம்பட்டிக்காரன்

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் உண்டு. அவர்கள் யாரும் குற்றம் செய்து பிடிபட்டவர்கள் இல்லை. பிறந்த சாதிக்காக ரேகை கேட்கப்பட்டவர்கள். பதிவில் பெயர் ஏறினால் ஊரைவிட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும் என்ற நிலை. கைதிகள் அடையாளச் சட்டமும் அதே 1920இல்தான் வந்தது என்பதை வைகைக்கரை எழுதிய பிறகே கவனித்தேன்.

அது முடிந்த கதை என்று சொல்லாதீர்கள். புதிய சட்டம் கைதானவர்களோடு நிற்கவில்லை. நன்னடத்தைப் பிணை எழுதிக்கொடுக்க உத்தரவிடப்பட்டவர்களிடமும், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களிடமும் அளவீடு எடுக்கலாம் (ரேகை முதல் உயிரியல் மாதிரி வரை எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருக்கும் பெயர் அளவீடு). நம் ஊரில் தேர்தல் வந்தாலும் திருவிழா வந்தாலும் யார் மீது 110 (நன்னடத்தைப் பிணை கேட்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவு) போடுகிறார்கள் என்பது ஸ்டேஷன் பக்கம் போய் வந்த எல்லாருக்கும் தெரியும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்து எண் மாறியிருக்கலாம், ஆட்கள் மாறவில்லை. குண்டர் சட்டத்தில் அடைத்து, சில மாதம் கழித்து உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து வெளியே வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களை ‘விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர்’ என்று எடுத்துக்கொண்டு பதிவை அழிப்பார்களா? விசாரணை என்ற ஒன்றே இல்லாத காவல் ஆயிற்றே அது.

இங்கிலாந்தில் 18 முதல் 35 வயது வரையிலான கருப்பின இளைஞர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் டி.என்.ஏ. பட்டியலில் இருக்கிறார்கள் என்று அந்நாட்டின் மனித மரபியல் ஆணையம் 2009இல் மதிப்பிட்டது. நம் பட்டியலைச் சாதிவாரியாக எடுத்தால் எப்படி இருக்கும் என்று யூகிக்க எனக்குப் படிப்பு தேவையில்லை. ஒரே ஆளின் பதிவு அவருடைய அண்ணன், தம்பி, பிள்ளைகளையும் காட்டும் என்று சோதனைக்குழாய் சகோதரி சொல்லலாம். ஒரு தெருவில் பத்துப் பேரைப் பதிந்தால் அந்தத் தெருவே பதிந்த மாதிரி.

சோதனைக்குழாய்

உண்மைதான். நெருங்கிய உறவினர்களின் எண்கள் பாதிக்கு மேல் ஒத்திருக்கும் என்பதால், முழுப் பொருத்தம் இல்லாதபோது பாதிப் பொருத்தத்தைத் தேடி உறவினர் வழியாக ஆளை அடைவார்கள். இங்கிலாந்தில் 2003இல் நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து செங்கல் வீசி லாரி ஓட்டுநர் ஒருவர் இறக்கக் காரணமானவரை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் பட்டியலில் இருப்பவரின் குடும்பம் முழுக்கத் தேடலுக்குள் வந்துவிடுகிறது என்பதும் அதே அளவு உண்மை.

கேள்விக்குறி

வேங்கைவயல்?

வைகைக்கரை

கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் இதுவரை நாம் கைதானவர்களைப் பற்றித்தான் பேசினோம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிநீர் எடுக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறிய பிறகு, பாதிக்கப்பட்ட மக்கள் உட்படப் பலரிடம் டி.என்.ஏ. மாதிரி எடுக்க நீதிமன்றத்தை அணுகினார்கள். தங்களையே குற்றவாளிகளாக ஆக்கப் பார்க்கிறார்கள் என்று சிலர் மறுத்தார்கள். பிறகு நீதிமன்ற உத்தரவின் பேரில் மாதிரி எடுக்கப்பட்டது. தொட்டித் தண்ணீரில் கிடைத்ததோடு எவருடையதும் பொருந்தவில்லை என்றே செய்திகள் வந்தன. 2025 ஜனவரியில் அதே ஊரைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானதும், ஊர் மக்கள் அதை ஏற்க மறுத்து மத்தியப் புலனாய்வு கேட்டதும் அனைவரும் அறிந்ததே. வழக்கின் உண்மைக்குள் நான் போகவில்லை.

மாதிரி கொடுத்து, பொருந்தவில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களை மட்டும் நினைத்துப் பாருங்கள். 2022 சட்டத்தின் அழிப்புப் பாதுகாப்பு யாருக்கு என்று எழுத்துக்கு எழுத்து படித்தால், விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர், குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவர், விடுதலை செய்யப்பட்டவர் என்று மூன்று வகையினர் மட்டுமே அதில் வருகிறார்கள். கைதே ஆகாதவர், குற்றம் சாட்டப்படாதவர், விசாரணைக்கு உதவ மாதிரி கொடுத்தவர் இந்த மூன்றில் எதிலும் அடங்க மாட்டார். குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானவருக்கு இருக்கும் உரிமைகூட, குற்றமே சாட்டப்படாதவருக்கு எழுத்தில் இல்லை. சட்டம் இயற்றியவர்கள் இதை வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன், கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் விளைவு ஒன்றுதான்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2022இல் வெளிவந்த செய்தி இன்னும் மோசம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது ஒரு பெண் கொடுத்த மாதிரியை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, தொடர்பே இல்லாத ஒரு சொத்துக் குற்றத்தில் அவரையே அதைக் கொண்டு கைது செய்திருந்தார்கள். இது தெரிந்த பிறகு எந்தப் பெண் நம்பி மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்? ஆய்வாளர் ஐயா குழந்தைகளைப் பற்றிச் சொன்னார். புகார் கொடுக்கவே அஞ்சும் குடும்பங்களை நினைத்து நான் சொல்வது, மாதிரி கொடுத்தால் அது அந்த வழக்கோடு முடிந்துவிடும் என்ற உறுதி இருந்தால்தான் அவர்கள் வருவார்கள்.

ஈஸ்ட்ஹாம் தமிழன்

இங்கிலாந்தில் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன். முதலில் விடுதலையானவர்களின் பதிவை ஆறு ஆண்டு வைப்பது என்று 2010இல் ஒரு சட்டம் இயற்றினார்கள், ஆட்சி மாறியதால் அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வரவில்லை. பிறகு ஸ்காட்லாந்தின் முறையைப் பின்பற்றி 2012இல் புதிய சட்டம் வந்து, 2013 அக்டோபர் 31 முதல் அமலானது. சிறிய குற்றத்தில் கைதாகித் தண்டனை இல்லாவிட்டால் பதிவு நீக்கப்படும். பாலியல் குற்றம், வன்முறை போன்ற கடுமையான குற்றத்தில் குற்றம் சாட்டப்பட்டு விடுதலையானால் மூன்று ஆண்டுகள் இருக்கும். மேலும் இரண்டு ஆண்டுகள் வேண்டுமானால் காவல்துறை நீதிபதியிடம் போக வேண்டும். கைதாகி, குற்றச்சாட்டே பதிவாகாவிட்டால் காவல்துறைக்கு வெளியே இருக்கும் உயிர்ப்பதிவு (பயோமெட்ரிக்) ஆணையரின் அனுமதி வேண்டும். இந்த மாற்றத்தை ஒட்டி 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விவரக்குறிப்புகள் நீக்கப்பட்டன, 77 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் அழிக்கப்பட்டன. நீக்கிய பிறகும், குற்ற இடத்தில் கிடைத்த விவரக்குறிப்பைப் பட்டியலில் ஏற்றும்போது பொருத்தம் கிடைக்கும் விகிதம் 60 விழுக்காட்டுக்கு மேலேயே நீடித்தது.

ஆனால் இங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தண்டனை பெற்ற வயதுவந்தோரின் பதிவு, குற்றம் சிறியதானாலும் காலவரம்பின்றி இருந்தது. வட அயர்லாந்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவர் தொடுத்த வழக்கில் 2020 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதையும் உரிமை மீறல் என்று சொன்னது.

ஓய்வுபெற்ற ஆய்வாளர்

பொருத்த விகிதம் குறையவில்லை என்பதை வைத்து நீக்கியதால் பாதிப்பில்லை என்று முடிவு கட்ட முடியாது. நீக்கப்பட்டவர் ஒருவர் பிறகு குற்றம் செய்து சிக்காமல் போனால் அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

மற்றபடி வேங்கைவயல் பற்றி வைகைக்கரை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. சாட்சியாகவோ உதவியாகவோ மாதிரி கொடுத்தவருடையதை வழக்கு முடிந்ததும் அழிக்க வேண்டும், அதற்கு அவர் மனுப் போட வேண்டியதில்லை. பிணை வழக்கு, தடுப்புக் காவல் இவற்றில் டி.என்.ஏ. எடுப்பதே தேவையற்றது. திருட்டு வழக்கில் விடுதலையானவரின் பதிவையும் நீக்கட்டும். ஆனால் குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் சாட்சி பிறழ்ந்து விடுதலையானவரின் விவரக்குறிப்பைச் சில ஆண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன். ஸ்காட்லாந்து முறை அதைத்தான் சொல்கிறது.

வைகைக்கரை

அந்த ஒரு இடத்தில் நீங்களும் நானும் அவ்வளவு தூரத்தில் இல்லை, ஐயா. நம் சட்டத்திலேயே நடுவர் காரணம் எழுதி, அழிக்க வேண்டாம் என்று உத்தரவிட வழியிருக்கிறது. நான் கேட்பது, சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் அந்த உத்தரவு போடக்கூடாது, அதற்கு ஆண்டு வரம்பு வேண்டும், பஞ்சை அழித்துவிட்டு எண்களை மட்டும் வைக்க வேண்டும், எந்தக் குற்றங்களுக்கு என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும். கூடவே, காவல்துறைக்கு வெளியே கண்காணிக்க ஓர் அமைப்பு வேண்டும். 2019இல் மக்களவையில் அறிமுகமான டி.என்.ஏ. தொழில்நுட்ப மசோதாவில் குறைகள் நிறைய இருந்தாலும் ஒழுங்குமுறை வாரியம் என்ற ஒன்றாவது இருந்தது. நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கை கொடுத்த அந்த மசோதாவும் 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. இப்போது எடுக்கும் அதிகாரம் சட்டமாக இருக்கிறது, கட்டுப்படுத்தும் சட்டம் இல்லை.

யாழினி

சட்டம் மாறும் வரை சாதாரண மக்கள் என்ன செய்வது? என் சித்தப்பா மகன் சென்ற ஆண்டு ஒரு வழக்கில் விடுதலையானான். அவனிடம் இரத்தம் எடுத்தார்களா, அது இப்போது எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

வைகைக்கரை

முதலில் வழக்கு ஆவணங்களில் மருத்துவ அலுவலரின் சான்றும் ஆய்வகத்துக்கு அனுப்பிய கடித நகலும் இருக்கின்றனவா என்று அவருடைய வழக்குரைஞரிடம் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்திருந்தால் அங்கே தெரியும். பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றமோ, ஏழாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமோ இல்லையென்றால், உயிரியல் மாதிரி தர மறுக்கும் உரிமை கைதானபோதே அவருக்கு இருந்தது. அவருக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை என்பதற்கான சான்றையும் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் இணைத்து, மாநிலத்தின் பொறுப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் விண்ணப்பம் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போட அந்த அட்டைதான் ஆதாரம்.

இனி விசாரணை முடியும் நிலையில் இருக்கும் வழக்குகளுக்கு நான் சக வழக்குரைஞர்களிடம் சொல்லி வருவது வேறு. வாதத்தின் முடிவில் விடுதலை மட்டும் கேட்காமல், எடுக்கப்பட்ட அளவீடுகளையும் மாதிரிகளையும் அழித்து அதன் அறிக்கையை இந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும் என்று எழுத்துபூர்வமாகவே கேளுங்கள். தீர்ப்பிலேயே அந்த வரி இருந்தால், விடுதலையானவர் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய பொறுப்பு காவல்துறையுடையதாகிவிடும். யாழினி அம்மா, உங்கள் தம்பியின் வழக்கில் மேல்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள், விண்ணப்பத்தின் வாசகத்தை நான் இங்கேயே எழுதித் தருகிறேன்.